‘டொக்டர்’ பட்டம் இருக்கட்டும், எங்கே பதியப் போகிறீர்கள்?

கேள்வி: விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் பி, பௌதிகவியலுக்கு சி. மருத்துவ பீடம் கிடைக்காது என்று தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பி.பார்ம் என்ற நான்கு வருட மருந்தாளர் பட்டம் கிடைக்கும்போல இருக்கிறது. போன முறை வெட்டுப்புள்ளியை ஒட்டித்தான் என் இசட் புள்ளி. இதற்கிடையில் ஒரு ஏஜென்சி, தமிழ்நாட்டில் ஆறு வருடம் ‘பார்ம் டி’ என்ற மருந்தாளர் படிப்பைப் படித்தால் பெயருக்கு முன் டொக்டர் போடலாம், முடித்த கையோடு கனடா போகலாம் என்கிறது. ஸ்காபுரோவில் இருக்கும் மாமா முதல் இரண்டு வருடக் காசு தருவதாகச் சொல்கிறார். மிச்சத்துக்கு அப்பா வயல் காணியை ஈடு வைக்க யோசிக்கிறார். இந்தக் கிழமைக்குள் அட்வான்சும் ஒறிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பத்துடன் வைக்க எழுதிய கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி, முதலில் ஒன்று. ஒறிஜினல் சான்றிதழ்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். எந்த நல்ல கல்லூரியும் விண்ணப்பக் கட்டத்தில் ஒறிஜினல் கேட்பதில்லை. உறுதிப்படுத்திய பிரதி போதும். சேரும் நாளில் கல்லூரி அலுவலகத்தில் நீங்களே காட்டி, பார்த்தபின் கையில் வாங்கிக்கொண்டு வரலாம். ஏஜென்சியின் லாச்சிக்குள் போன சான்றிதழ், நீங்கள் மனம் மாறும் நாளில் உங்களைப் பிடித்து வைக்கும் கயிறு. ‘இந்தக் கிழமைக்குள்’ என்பதையும் நம்ப வேண்டாம். காசு கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களுக்குத்தான் கிழமைக் கணக்கு.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். பார்ம் டி நல்ல படிப்பா என்று கேட்டால், நல்ல படிப்புத்தான். மருந்தை வார்ட்டில், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படிக்கிற படிப்பு அது. நம்முடைய பக்கத்துக்கே உதாரணம் சொல்கிறேன். வவுனியாப் பக்கத்தில் காரணம் சரியாகக் கண்டுபிடிக்கப்படாத சிறுநீரக நோயோடு எத்தனையோ விவசாயிகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் நாரி நோவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால், மிச்சமிருக்கிற சிறுநீரகமும் போகும். அவருக்கு நீரிழிவும் இருந்து மெட்பார்மின் எடுக்கிறார் என்றால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்த்து அந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் நிறுத்தவே வேண்டும். இதையெல்லாம் கண்டுபிடித்து வைத்தியரிடம் எடுத்துச் சொல்கிற ஆள்தான் கிளினிக்கல் மருந்தாளர். பட்டத்தின் பெயரில் ‘டொக்டர்’ இருக்கிறது என்பதற்காக அவர் வைத்தியர் ஆகிவிடுவதில்லை. மருந்துச் சிட்டை எழுதுவது அவர் வேலை இல்லை. மருத்துவ பீடம் கிடைக்காத கவலைக்கு மருந்தாக இந்தப் பட்டத்தை எடுத்தால், மூன்றாம் வருடத்திலேயே கசந்துவிடும். கட்டுரையில் நீங்கள் இரண்டு இடத்தில் ‘டாக்டராகி’ என்று எழுதியிருப்பதால்தான் சொல்கிறேன்.

ஆனால் நல்ல படிப்பா என்பதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: முடித்தபின் எந்த நாட்டில் மருந்தாளராகப் பதியப் போகிறீர்கள்? பட்டம் தருவது கல்லூரி. வேலை செய்ய விடுவது அந்தந்த நாட்டின் பதிவுச் சபை. இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள்.

கனடாவை எடுங்கள், மாமா இருக்கிற இடம்தானே. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இப்போது மருந்தாளர் படிப்பைப் பார்ம் டி ஆகத்தான் நடத்துகின்றன. மாமா வீட்டுக்குப் பக்கத்து பார்மசியில் இளம் மருந்தாளரின் பெயருக்குப் பின்னால் பார்ம் டி என்று இருந்தால், அவர் அநேகமாக அங்கேயே படித்தவர். வெளிநாட்டில் படித்தவருக்கு வழி வேறு. பி.ஈ.பி.சி. என்கிற கனடா மருந்தாளர் தேர்வுச் சபைக்கு ஆவணங்களை அனுப்பி ஏற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, அதன்பின் தகுதித் தேர்வு, அதன்பின் மாகாணத்தின் அனுமதிப் பத்திரம். அந்தச் சபை ஆவணத்தை எடுத்துக்கொள்ளக் கேட்கிற ஆகக் குறைந்த படிப்பு, நான்கு வருடப் பல்கலைக்கழக மருந்தியல் பட்டம். அதாவது யாழ்ப்பாணத்து நான்கு வருட பி.பார்ம் முடித்தவரும், தமிழ்நாட்டு ஆறு வருட பார்ம் டி முடித்தவரும் அந்த வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். இந்தியப் பட்டத்தில் ‘டொக்டர்’ இருப்பதால் ஒரு தேர்வுகூடக் குறையாது. ‘முடித்த கையோடு கனடா’ என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று ஏஜென்சியிடம் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கா என்றால் கணக்கு மாறும். 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டு மருந்தாளரிடம் அங்கே ஐந்து வருடப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். நம் நான்கு வருடப் பட்டம் அதில் தடுக்கும். இந்தியாவின் ஆறு வருடம் தாண்டிவிடும். ஆனால் அதற்கும் பின்னால் சமநிலைத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, பயிற்சி மணித்தியாலங்கள், உரிமத் தேர்வு என்று வரிசை இருக்கிறது. பி.பார்ம் முடித்த வெளிநாட்டு மருந்தாளருக்கென்றே தனிப் பார்ம் டி பாதை வைத்திருக்கும் பல்கலைக்கழகமும் அங்கே உண்டு. கொலராடோ அப்படி ஒன்று. இன்னொன்று: அமெரிக்க பார்ம் டி நுழைவுக்கு முன்பு இருந்த பி.கேட் என்ற தேர்வு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதற்கு வகுப்பு நடத்துகிறோம் என்று யாராவது காசு கேட்டால் வாசலிலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

இலங்கை என்றால் பதிவது இலங்கை மருத்துவ சபையில். உள்ளூர் அரச பல்கலைக்கழகப் பட்டத்துக்கு வழி தெளிவு. வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்து நிற்கும்போது சபை என்ன கேட்கும் என்பதை, காசு கட்டுவதற்கு முன் சபையிடமே எழுத்தில் கேளுங்கள். கல்லூரியின் பெயர், அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, பட்டத்தின் முழுப் பெயர், எத்தனை வருடம், இவ்வளவும் கடிதத்தில் இருக்க வேண்டும். பதிவாளருக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்திருங்கள். ‘எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் பதிந்திருக்கிறார்கள்’ என்று ஏஜென்சி தொலைபேசியில் சொல்வது பதில் ஆகாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிப்பதும், மருத்துவ சபை உங்களை மருந்தாளராகப் பதிவதும் இரண்டு வேறு விசயங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதும் சரி என்று சொல்வது இந்தத் தொழிலில் பழைய தந்திரம்.

அப்பாவுக்கும் இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மருந்து விற்பனை முழுவதும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ். பார்மசி ஒன்று நடத்தப் பதிவுபெற்ற மருந்தாளர் வேண்டும். நாளைக்கு நீங்கள் புதுக்குடியிருப்பிலோ பரந்தனிலோ ஒரு கடை போடுவதென்றாலும் தேவைப்படுவது அந்தப் பதிவு இலக்கம். சுவரில் மாட்டும் பட்டம் பெரிதாக இருந்தும் பதிவு இல்லையென்றால், கடையை வேறு ஒருவர் பெயரில்தான் நடத்த வேண்டும்.

சரி, இத்தனைக்குப் பிறகும் இந்தியா என்று முடிவெடுத்தால், எப்படிப் பார்த்து விண்ணப்பிப்பது?

இந்தியாவில் பார்ம் டி படிப்பை ஆள்வது பி.சி.ஐ. என்ற இந்திய மருந்தியல் சபை. 2008இல் வந்த விதிகள். ஐந்து வருடம் கல்லூரி, ஆறாவது வருடம் முழுக்க ஆஸ்பத்திரி. அந்த ஆறாவது வருடத்தில் ஆறு மாதம் பொது மருத்துவ வார்ட், பிறகு மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். சேர்வதற்குப் பௌதிகவியலும் இரசாயனவியலும் கட்டாயம். மூன்றாவதாக உயிரியலோ கணிதமோ. உங்களிடம் பௌதிகவியல் இருக்கிறது, நல்லது. நம் பக்கத்தில் பயோ பிள்ளைகள் பலர் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கிறார்கள். இதை வாசிக்கிற யாராவது அப்படி எடுத்திருந்தால், இந்த வாசல் மூடியது. ஏஜென்சி ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றாலும் மூடியதுதான். உயிரியல் படித்து வருகிறவர்களுக்கு முதலாம் வருடத்தில் கணிதம் ஈடு செய்யும் பாடம் ஒன்று உண்டு. சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டவர்கள் அதில் திணறுவார்கள், இப்போதே கொஞ்சம் தட்டிப் பாருங்கள்.

கல்லூரியைச் சோதிக்க நான் பார்ப்பது இரண்டு விசயம்தான். ஒன்று, பி.சி.ஐ. இணையத்தளத்தில் இருக்கும் அங்கீகாரப் பட்டியல். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பார்ம் டி என்ற படிப்புக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.பார்முக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு வாசலில் பெரிய பலகை வைக்கலாம். ஒரு வகுப்புக்கு 30 இடம் என்பது விதிகள் வைத்த அளவு. அறுபது, எண்பது பேர் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எப்படி என்று கேளுங்கள். இரண்டாவது ஆஸ்பத்திரி. 300 கட்டில் உள்ள ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. எந்த ஆஸ்பத்திரி, கல்லூரியில் இருந்து எவ்வளவு தூரம், நான்காம் வருடத்தில் கிழமைக்கு எத்தனை நாள் வார்ட், இப்போது அங்கே படிக்கிற பிள்ளை ஒருவரோடு பேச முடியுமா? ஆஸ்பத்திரி கடதாசியில் மட்டும் இருந்தால், அது மேசையில் படிக்கிற பார்ம் டி. அதற்கு ஆறு வருடம் செலவழிக்கத் தேவையில்லை.

பி.பார்முக்குப் பிறகு மூன்று வருடத்தில் பார்ம் டி செய்கிற இன்னொரு வழியும் இந்தியாவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முடித்துவிட்டு அங்கே போகலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கு விதிகள் கேட்பது பி.சி.ஐ. அங்கீகரித்த கல்லூரியில் பெற்ற பி.பார்ம். இலங்கைப் பட்டத்தை ஏற்பார்களா என்பதை, அந்த வழியில் கண் வைக்க முன்னர் கல்லூரியிடமும் சபையிடமும் எழுத்தில் வாங்க வேண்டும்.

உயர்தரச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். விசா மாணவர் விசாவாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொல்கிற ஏஜென்சியோடு அதற்கு மேல் பேச வேண்டாம். போனபின் வெளிநாட்டவர் பதிவும் செய்ய வேண்டும். கட்டணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு நேரே கட்டி, கல்லூரியின் ரசீதை வாங்குங்கள். விடுதி, பரீட்சைக் கட்டணம், பல்கலைக்கழகத் தகுதிச் சான்றிதழ்க் கட்டணம், ஆறாம் வருடத்தில் உதவித்தொகை உண்டா இல்லையா, இவையெல்லாம் முதல் நாள் சொல்லப்படாத கணக்குகள்.

ஆவணங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை; ஆனால் இணைத்த பிரதிகளைப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு எழுத்தில், பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்தில், உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும். 2009இல் இடம்பெயர்ந்து பிறகு பிரதி எடுத்த வீடுகளில் இது சாதாரணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விசா அதிகாரிக்கு அது மூன்று ஆள். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத் திருத்துங்கள், அதற்குக் காலம் எடுக்கும். எழுத்துக்கூட்டல் வேறுபாடு மட்டும் என்றால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி. தமிழில் இருக்கும் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டின் பிரதியையும் கையில் கொடுங்கள், அதே எழுத்துக்கூட்டலில் எழுதுவார். இதைச் சொல்லாமல் விட்டுத்தான் நான்காவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறக்கிறது. வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சிக்குக் கொழும்பு ஓட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது.

இப்போது கட்டுரை. ‘சிறு வயதில் இருந்தே வெள்ளைக் கோட் அணிந்து மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு’ என்று தொடங்குகிறது. தேர்வுக்குழு ஒரு நாளில் இதே வரியை எத்தனை முறை வாசிக்கும் என்று யோசியுங்கள். யுத்தம், இடம்பெயர்வு, முகாம் என்று இரண்டாம் பந்தி. அவை உங்கள் வாழ்க்கை, எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மருந்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று கட்டுரை சொல்லவில்லை. பரிதாபத்தைக் கேட்பதுபோல நிற்கிறது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கட்டுரைக்கு வெளியே, போகிற போக்கில் ஒரு விசயம் எழுதியிருக்கிறீர்கள். அம்மம்மாவுக்குத் தலைசுற்று. கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிளினிக்கில் பிரசர் குளிசை எடுக்கிறார், நடுவில் ஒரு தனியார் வைத்தியரிடமும் காட்டியிருக்கிறார். அவருடைய சொப்பிங் பையைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு அட்டை. நிறம் வேறு, பெயர் வேறு. நீங்கள் அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசித்திருக்கிறீர்கள்: இரண்டிலும் லொசார்ட்டான் 50 மில்லிகிராம். கிளினிக் கொப்பியையும் இரண்டு அட்டையையும் கொண்டுபோய் ஆஸ்பத்திரி மருந்தாளரிடம் காட்ட, அவர் ஒன்றை நிறுத்தச் சொல்லி வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறார். தங்கச்சி, இதுதான் உங்கள் கட்டுரை! இதில் தொடங்குங்கள். அம்மம்மா ஏன் இரண்டு இடத்துக்குப் போனார், தனியார் வைத்தியரிடம் ஏன் கிளினிக் கொப்பியைக் காட்டவில்லை, அட்டையில் மருந்தின் பெயர் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றிய கேள்விகளை எழுதுங்கள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, கேள்வி உங்களுடையதாக இருந்தால் போதும்.

நேர்முகத்தில் இதையே பிடித்துக் கேட்பார்கள், அதற்கும் தயாராகுங்கள். லொசார்ட்டான் இரட்டிப்பாகப் போனால் தலைசுற்று மட்டும்தானா? இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம், வயதானவருக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம். ஆகவே பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால், வெள்ளைக் கோட் கனவு கண்ட இருபது பேரைவிட நீங்கள் முன்னால். இதைத் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பி.பார்மோ பார்ம் டியோ, வகுப்பு ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழிமூலத்தில் இருந்து போகிறவர்களை முதல் வருடம் உலுக்குவது இரசாயனம் இல்லை, அந்த ஆங்கிலம்.

என் தீர்ப்பைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். பி.பார்ம் கிடைத்தால் எடுங்கள். நான்கு வருடம், கற்கைக் கட்டணம் இல்லை, வீட்டுக்குக் கிட்ட, இலங்கையில் பதிவுக்கு நேர் வழி, கனடா வாசலில் அதே வரிசை. மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் யாழ்ப்பாணத்தை மட்டும் போட்டுவிட்டு நிற்காதீர்கள். பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுரவிலும் பி.பார்ம் இருக்கிறது; விருப்ப வரிசையில் அடுத்தடுத்துப் போடுங்கள். இடங்களில் 40 வீதம் நாடு முழுக்கத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு அந்தக் கடைசிப் பட்டியலிலும் உண்டு. போன முறை வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனதைத் தளரவிட வேண்டாம்; அது ஒவ்வொரு முறையும் ஏறும், இறங்கும்.

அமெரிக்காதான் என்று நீங்களே உறுதியாக இருந்து, மாமா ஆறு வருடமும் தாங்குவார் என்றால், இந்தியப் பார்ம் டிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அப்போதும் இரண்டு வருடம் என்று தொடங்கி மிச்சத்தைக் காணியில் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வருடத்தில் மாமாவுக்கு வேலை போனால், பாதிப் பட்டத்துக்கு எந்தச் சபையும் பதிவு தராது, வட்டியும் நிற்காது. மாமாவோடு பேசும்போது ‘காசு தருவீர்களா’ என்று கேட்காமல், ஆறு வருடத்துக்கும் வருடம் வருடமாகத் தாளில் போட்டுக் காட்டிக் கேளுங்கள். அந்தத் தாளைப் பார்த்தபின் அவர் சொல்லும் பதில்தான் கணக்கு.

ஏஜென்சிக்கு இப்போதைக்கு ஒரு வரி போதும்: மருத்துவ சபையின் பதில் வரட்டும், பிறகு பேசுகிறேன் என்று. பதிலோடும் கல்லூரியின் பெயரோடும் மறுபடி எழுதுங்கள், பி.சி.ஐ. பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம். திருத்திய கட்டுரையையும் அனுப்புங்கள். அதை எந்த விண்ணப்பத்துக்கும் பயன்படுத்தலாம்.